பழைய டாட்ஜ் ராம் பிக்கப்பின் 12 வால்வ் கம்மின்ஸ்: இழந்த இழுவையை மீட்டு, அப்புறம் கூட்டுவது எப்படி

என் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். மேட்டில் வண்டி திணறினால் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "பம்பைத் தொடாதே. டீசல் ஒழுங்கா வருதான்னு முதல்ல பாரு." சின்ன வயதில் நூறு முறை கேட்ட பேச்சு அது. ஆனாலும் பல வருடம் கழித்து, டெக்சாஸிலிருந்து கொலராடோவுக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ரேட்டன் கணவாயில் ஏறும்போது என் 1997 ராம் 2500 மூன்றாம் கியருக்கு இறங்கி மூச்சு வாங்கியபோது, அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் போய்விட்டது என்றார்கள். ஆறையும் மாற்றினேன். வண்டி அப்படியேதான் இருந்தது.

கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்றால், சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னால், கை கஷ்டப்பட்டு நுழையும் இடத்தில் இருக்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸில். டேங்கிலிருந்து டீசல் வரும் வழி அது. முடி அளவு வெடிப்பு. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஹோஸை மாற்றிய அன்று மாலை வண்டி வேறு வண்டியாக ஓடியது.

அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பவர் கூட்டுவதைப் பற்றியதாக இருக்காது. இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய எஞ்சினில் தொழிற்சாலை கொடுத்த பவரே முழுசாக இருப்பதில்லை. அதைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் பம்பில் கை வைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் கோளாறு மேல் கோளாறு ஏறி, எது எதனால் என்றே தெரியாமல் போகும்.

எந்த எஞ்சின்?

கம்மின்ஸ் பி வரிசை, 5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரு இன்டேக், ஒரு எக்ஸாஸ்ட் என்று மொத்தம் 12 வால்வ். டாட்ஜ் பிக்கப்பில் இது 1989 மாடலில் வந்தது. அப்போது 160 குதிரைத்திறன், நாசில்களுக்கு டீசல் தள்ளும் பம்ப் பாஷ் நிறுவனத்தின் விஇ வகை ரோட்டரி. 1994-ல் புதிய உருவத்தில் ராம் வந்தபோது பாஷ் பி7100 இன்லைன் பம்ப் ஏறியது. 1998 நடுவில் 24 வால்வ் எஞ்சின் வரும்வரை அதே பம்ப்தான். நான் இங்கே சொல்வதெல்லாம் இந்த 1994–98 பி7100 வண்டிகளுக்கு. மேனுவல் கியர் வண்டியில் முதலில் 175 குதிரைத்திறன், 1996-லிருந்து 215. ஆட்டோமேட்டிக் வண்டியில் முதலில் 160, பிறகு 180.

நம்மூர் லாரி பழகியவர்களுக்கு இது அந்நியமான எஞ்சின் இல்லை. 1993-ல் தொடங்கிய டாட்டா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே 5.9 லிட்டர் குடும்பத்தை டாட்டா லாரிகளுக்காகச் செய்தது. இன்லைன் பம்பைத் திறந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியான ரேக்கைப் பார்த்த பம்ப் ஷாப் ஆட்களுக்கு பி7100-ஐத் திறந்தால் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

இந்த வண்டியை இன்றும் தேடிப் பிடித்து வாங்குவதற்குக் காரணம், டீசல் அளவைக் கம்ப்யூட்டர் தீர்மானிப்பதில்லை. எல்லாம் ஸ்பிரிங், லீவர், தகடு, திருகு. ஸ்க்ரூ டிரைவரால் ட்யூன் செய்யலாம். அதே காரணத்தால் தவறு செய்தால் தடுக்கவும் ஆளில்லை. புது வண்டியில் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் டீசலைக் குறைக்கும். இதில் பிஸ்டன் உருகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

முதல் செலவு: மூன்று மீட்டர்

வேறு எதையும் வாங்குவதற்கு முன் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர், டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர், டீசல் அழுத்த மீட்டர் மூன்றையும் மாட்டுங்கள்.

வெப்ப மீட்டரின் சென்சார் டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் வெப்பம் நிறையக் குறைந்துதான் காட்டும். அதுவும் சுமைக்கேற்ப மாறும், நம்ப முடியாது. மேனிஃபோல்டில் துளை போட்டு 1/8 அங்குல பைப் மரை வெட்ட வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது செய்யுங்கள். டிரில் பிட்டில் கிரீஸை அப்பிக்கொண்டு, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ் பூசுங்கள். இரும்புத் தூள் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடைசியாக மெல்லிய காந்தக் குச்சியை விட்டுத் துழாவி எடுங்கள். உள்ளே தங்கும் துகள் நேராக டர்போவின் விசிறியில் போய் அடிக்கும், அதனால் இந்த ஒரு வேலைக்கு அவசரமே கூடாது.

நீண்ட ஏற்றத்தில் 1250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 680 செல்சியஸ், அதுதான் எல்லைக்கோடு. ஓவர்டேக் செய்யும் சில விநாடிகளுக்கு 1300-ஐத் தொடலாம், அங்கேயே நிற்கக் கூடாது. அலுமினியம் 660 செல்சியஸில் உருகுமே, பிஸ்டன் எப்படித் தாங்குகிறது என்று கேட்பீர்கள். வெளியேறும் புகையின் வெப்பம் அது; பிஸ்டன் தலையை ஒவ்வொரு சுற்றிலும் புதுக் காற்றும், அடியிலிருந்து எண்ணெயும் குளிர்வித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் குளிர்ச்சி போதாமல் போகும் இடம் நீண்ட ஏற்றம். இந்த மீட்டரைப் பார்க்கவேண்டிய இடமும் அதுதான்.

மீட்டர் ஏறினால் முதல் மருந்து ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவது. இரண்டாவது, ஒரு கியர் இறக்குவது. ஐந்தாம் கியரில் நிமிடத்துக்கு 1600 சுற்றில் முக்கிக்கொண்டு ஏறும்போது 1300 காட்டுகிற வண்டி, நான்காம் கியரில் 2200 சுற்றில் அதே வேகத்தில் கணிசமாகக் குறைத்துக் காட்டும். காற்று அதிகமாகப் போவதுதான் காரணம்.

பவருக்கு முன் உயிர்: அந்தக் கொலைகார ஊசி

இதை மாற்றாமல் வேறு வேலை ஆரம்பிக்காதீர்கள். டைமிங் கியர் ஹவுசிங்கையும் பிளாக்கையும் ஒன்றோடொன்று நேராகப் பொருத்த ஒரு சின்ன இரும்பு ஊசி, டவல் பின், வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. வருடக்கணக்கான அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் கியர்களுக்கு நடுவே விழுகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் எண்ணெய்ச் சட்டிக்குள் போய் உட்காரும். இல்லாவிட்டால் கேம் கியருக்குள் சிக்கி, ஹவுசிங் உடைந்து, வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்கு 'கில்லர் டவல் பின்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் வண்டியில் கவரைக் கழற்றியபோது ஊசி அரைவாசி வெளியே வந்து நின்றது. விரல் நுனியால் தொட்டேன். வழவழவென்று எண்ணெயோடு, ஒரு மழுங்கின பென்சில் முனை மாதிரி. அதற்கும் சுழலும் கியருக்கும் நடுவே இருந்த இடைவெளி என் நகத்தின் கனம்தான். அதற்கு முந்தைய வாரம்தான் அந்த வண்டியில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போய் வந்திருந்தேன்.

தீர்வு எளிது. ஊசியை உள்ளே தட்டிவிட்டு, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டை வைத்து அதன் வாயை மூட வேண்டும். இதற்கென்றே கிட் கிடைக்கிறது. விசிறி, பெல்ட், கிராங்க் டாம்பர், முன் கவர் எல்லாம் கழற்ற வேண்டும், ஒரு பகல் வேலை. கவர் திறந்திருக்கும்போதே ஹவுசிங்கைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் மற்ற போல்ட்களையும் பாருங்கள், தளர்ந்திருப்பது சகஜம். ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் லாக் திரவம் போட்டு மறுபடி இறுக்குங்கள். முன் கிராங்க் சீலைப் புதிதாகப் போடும்போது ஷாஃப்ட்டும் சீலின் உதடும் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் தடவிப் போடும் நம் பழக்கம் இந்தச் சீலுக்கு ஆகாது, ஒழுகும்.

டீசல் பக்கம்: என் அப்பா சொன்ன இடம்

டேங்க், ரப்பர் ஹோஸ்கள், சின்ன வடிகட்டியோடு ஒரு ஹீட்டர், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், ஓவர்ஃப்ளோ வால்வ், திரும்ப டேங்க். இதுதான் டீசலின் பயணம். இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

இரவு நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் கிராங்க் அடித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறதா? ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் தள்ளாடி, வெள்ளைப் புகை விட்டு, அப்புறம் சரியாகிறதா? பெரும்பாலும் காற்றுதான். டேங்கிலிருந்து வரும் ஹோஸை லிஃப்ட் பம்புக்கு முன்னால் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் நிரம்பிய கேனிலிருந்து புது ஹோஸ் மூலம் நேராக லிஃப்ட் பம்புக்குக் கொடுத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் குற்றவாளி லிஃப்ட் பம்புக்கும் டேங்குக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையை நான் முதலில் செய்திருந்தால் ஆறு நாசிலின் பணம் மிஞ்சியிருக்கும்.

ஹோஸ் மாற்றும்போது டீசலுக்கென்று உள்ள ஹோஸையே வாங்குங்கள், பின்னால் இருக்கும் அந்தக் குட்டி ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஒன்று வெடித்தால் மற்றவையும் அதே வயசுதான்.

அடுத்து அழுத்தம். ஐடிலில் 17 முதல் 22 பிஎஸ்ஐ, 2500 சுற்றில் 25-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதலில் ஃபில்டரை மாற்றுங்கள், ஹீட்டருக்கு அடியில் இருக்கும் சின்ன வலை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அப்புறமும் அழுத்தம் குறைவாக இருந்தால் ஓவர்ஃப்ளோ வால்வையோ லிஃப்ட் பம்பையோ சந்தேகப்படுங்கள். பம்பிலிருந்து திரும்பிப் போகும் வழியை ஒரு ஸ்பிரிங் அடைத்துப் பிடிப்பதால்தான் உள்ளே அழுத்தம் நிற்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் டீசல் சுற்றிச் சுற்றி டேங்குக்கே போகும், எஞ்சினுக்கு வராது. எது குற்றவாளி என்று பிரிக்க, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது திரும்பும் ரப்பர் ஹோஸை ஒரு நொடி மெதுவாக அழுத்திப் பிடித்து மீட்டரைப் பாருங்கள். அழுத்தம் விறுவிறுவென்று ஏறினால் லிஃப்ட் பம்ப் நன்றாக இருக்கிறது, ஓவர்ஃப்ளோ வால்வை மாற்றுங்கள். ஏறவில்லை என்றால் லிஃப்ட் பம்ப்.

லீவர்: காசு செலவில்லாத கோளாறு

ஒருவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, எஞ்சின் நின்றிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பம்பில் பாருங்கள். லீவர் கடைசி ஸ்டாப் திருகைத் தொட வேண்டும். பெடலுக்கு அடியில் தரை விரிப்பு மடிந்திருந்தாலும், இணைப்புக் கம்பி தேய்ந்திருந்தாலும் தொடாது. அப்புறம் எவ்வளவு ட்யூன் செய்தும் பிரயோஜனம் இல்லை.

அதே மாதிரி எஞ்சினை நிறுத்தும் சோலனாய்டு. சாவி போட்டிருக்கும்போது அது பம்பின் நிறுத்தும் லீவரை முழுவதும் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். இணைப்புக் கம்பியின் நீளம் தவறாக இருந்தால் முக்கால்வாசிதான் தூக்கும்; ரேக் முழுதாக நகராது; வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. எஞ்சின் ஓடும்போது அந்த லீவரைக் கையால் இன்னும் மேலே தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கம்பியைச் சரிசெய்ய வேண்டும்.

காற்றுப் பக்கம்

டர்போவின் காற்று வாயில் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றை வாங்கி, அதில் டயர் வால்வ் ஒன்றைப் பொருத்துங்கள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, இந்த மூடியைக் கிளாம்ப் போட்டு மாட்டி, கம்ப்ரஸரிலிருந்து 20 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றுங்கள். மூடிக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், கழன்றால் குண்டு மாதிரி வரும். இன்டர்கூலர் ரப்பர் மூட்டுகள், டர்போவின் வாய், மேனிஃபோல்டு கேஸ்கட் எங்கும் சோப்பு நீர் தெளித்துப் பாருங்கள். திறந்திருக்கும் வால்வ் வழியாகக் கொஞ்சம் காற்று போவது இயல்பு, அதைத் துரத்த வேண்டாம்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் 1, 6 சிலிண்டர்களின் ஓரத்தில் கரிக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். சூட்டில் மேனிஃபோல்டு சுருங்கி ஓர போல்ட்களை இழுக்கும், சில சமயம் முறிக்கும். அங்கே கசியும் ஒவ்வொரு மூச்சும் டர்போவைச் சுழற்ற வேண்டிய மூச்சு.

டேப்பட்டும் நாசிலும்

டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020. மில்லிமீட்டரில் 0.25, 0.51. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி மூடி என்பதால் வேலை சுலபம். டைமிங் ஹவுசிங்கின் பின்புறம் இருக்கும் பிளாஸ்டிக் பின்னை மெதுவாக அழுத்திக்கொண்டே எஞ்சினைக் கையால் திருப்பினால், முதல் சிலிண்டர் மேல் உச்சிக்கு வரும்போது பின் கேம் கியர் ஓட்டைக்குள் இறங்கும். இறங்கியதும் பின்னை வெளியே எடுத்துவிடுங்கள். அது இருக்கும்போது திருப்பினால் ஒடிந்துவிடும். இந்த நிலையில் 1 இன்டேக், 1 எக்ஸாஸ்ட், 2 இன்டேக், 3 எக்ஸாஸ்ட், 4 இன்டேக், 5 எக்ஸாஸ்ட். பிறகு கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பி மிச்ச ஆறு.

நாசிலைச் சோதிக்க, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் ஒருமுறை தளர்த்தி, ஓசையைக் கேட்டு மறுபடி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தள்ளாடும். தளர்த்தியும் ஓசை மாறவில்லை என்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். முன் ஜாக்கிரதை ஒன்று: கையை நட்டின் வாயிலிருந்து விலக்கி வைத்து, கண்ணாடி போட்டு, துணியால் மூடிச் செய்யுங்கள். இந்த நாசில்கள் 260 பாரில் திறப்பவை. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைக் குத்தி உள்ளே போகும், கையுறை தடுக்காது. ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரும்.

புகை என்ன சொல்கிறது என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். கறுப்பு என்றால் காற்றுக்கு மேல் டீசல்: ஏர் ஃபில்டர், பூஸ்ட் கசிவு, அல்லது பம்ப் அளவுக்கு மீறி ஊற்றுகிறது. நீலம் எண்ணெய். வெள்ளை என்றால் எரியாத டீசல், கண் எரியும். டைமிங் பின்தங்கினாலோ காற்று புகுந்தாலோ வரும். வெள்ளையிலேயே இனிப்பு வாசனை அடித்தால் ரேடியேட்டர் தண்ணீர், ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

இவ்வளவும் முடித்து ஒரு வாரம் ஓட்டுங்கள். நிறையப் பேருக்கு இங்கேயே திருப்தி வந்துவிடும், அங்கேயே நிறுத்துவது நல்ல முடிவுதான்.

இனி பம்ப்

பம்பின் பின்பக்கத்து மேலே உட்கார்ந்திருக்கும் டப்பாதான் ஏஎஃப்சி (ஏர் ஃபியூவல் கன்ட்ரோல்). அதன் வேலை, காற்று வரும்வரை டீசலைப் பிடித்துவைப்பது. பூஸ்ட் ஏறினால் உள்ளே இருக்கும் ஜவ்வு ஸ்பிரிங்கைத் தள்ளி, ரேக்கை மேலும் நகரவிடும். இந்த ஸ்பிரிங்கின் முறுக்கை ஒரு பற்சக்கரம் தீர்மானிக்கிறது, ஸ்டார் வீல் என்பார்கள். முறுக்கைத் தளர்த்தினால் டீசல் சீக்கிரம் வரும், வண்டி கிளம்பும்போதே துள்ளும், கறுப்புப் புகையும் சேர்ந்து வரும்.

முதல் மாற்றம் இதில்தான். செலவு இல்லை, திரும்ப வைக்கவும் முடியும். இப்போது எந்தப் பல்லில் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். சின்ன ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துத் தள்ளும்போது ஒவ்வொரு பல்லுக்கும் மெல்லிய 'டக்' ஒன்று விரலில் உணர்வீர்கள். இரண்டு டக் திருப்பி, சாலையில் ஓட்டிப் பார்த்து, மறுபடி இரண்டு. இரண்டாம் கியரில் சீராக மிதிக்கும்போது டர்போ பிடிக்கும்வரை லேசான புகைமூட்டம், பிடித்ததும் சுத்தம். அந்த இடத்தில் நிறுத்துங்கள். பின்னால் வரும் வண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றும் அளவுக்குப் புகை விட்டால் அது எரியாமல் வீணாகும் டீசல், உங்கள் காசு.

ஏஎஃப்சி டப்பாவையே முன்பக்கமாக நகர்த்தினால் கிளம்பும்போது வரும் டீசல் கூடும். அதன் போல்ட்களில் ஒன்றைத் தலை ஒடியும் வகையில் தொழிற்சாலையில் போட்டிருப்பார்கள், அதை எடுத்துவிட்டு வேறு போட வேண்டியிருக்கும்.

டப்பாவைத் தூக்கினால் கீழே இரண்டு திருகில் ஒரு சின்னத் தகடு தெரியும். ஃபியூவல் பிளேட். முழு மிதியில் ரேக் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதன் விளிம்பின் வளைவு தீர்மானிக்கிறது. பழைய இடத்தைக் கூரான ஆணியால் கோடு கிழித்துக் குறித்துவிட்டு, முன்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். மொத்தத் தூரத்தில் பாதிக்கு மேல் முதல் தடவையே போக வேண்டாம். வெவ்வேறு வளைவில் வெட்டிய தகடுகளும் விற்கிறார்கள். தகட்டையே கழற்றி எறிந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சுமை இழுக்கும் வண்டிக்கு அதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தடையே இல்லாமல் டீசல் கொட்டும், ஏற்றத்தில் வெப்ப மீட்டர் சில விநாடிகளில் எல்லையைத் தாண்டும்.

மறுபடி மூடும்போது மிகக் கவனம். டப்பாவுக்கு அடியில் இருக்கும் கொக்கி தன் இடத்தில் சரியாக அமர வேண்டும். தவறாக அமர்ந்தால் ரேக் முழு டீசலில் சிக்கிக்கொண்டு, ஸ்டார்ட் செய்த உடனே எஞ்சின் அலறிக்கொண்டு ஏறும். அதனால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் நிறுத்தும் லீவர் கையால் தங்குதடையின்றி அசைகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் அந்த லீவரில் கை வைத்தபடி நிற்கட்டும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, டர்போ வாயை அடைக்க ஒரு தடித்த பலகையைத் தயாராக வைத்திருங்கள். பலகைதான், கையை வைத்து அடைக்க ஒருவரும் நினைக்கவே கூடாது.

டைமிங்

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பே பம்ப் டீசல் கொடுக்க ஆரம்பிக்கிறது என்பதுதான் டைமிங். எஞ்சினின் பெயர்ப்பலகையில் தொழிற்சாலை டைமிங் எத்தனை டிகிரி என்று அச்சடித்திருக்கும். அதைவிட ஒன்றிரண்டு டிகிரி முன்னுக்குக் கொண்டுவந்தால் டீசல் எரிய நேரம் கிடைக்கும், எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், இழுவை கூடும். சுமை இழுக்கும் வண்டிக்கு 15, 16 டிகிரியில் நிறுத்துவது என் பழக்கம். அதற்கு மேல் போனால் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறி ஹெட் கேஸ்கட்டைத் தாக்கும், குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கும்.

அளவெடுக்க முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வைக் கழற்றி, பிளஞ்சர் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். அந்தக் கருவி இல்லாவிட்டால் பம்ப் ஷாப்பில் கொடுங்கள். கண் மதிப்பில் செய்கிற வேலை இல்லை.

நீங்களே செய்தால் ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம். பம்ப் கியர் கூம்பு வடிவ ஷாஃப்ட்டில் வெறும் உராய்வால்தான் நிற்கிறது. இரண்டு பரப்பையும் பிரேக் கிளீனரால், வெள்ளைத் துணியில் கறை வராத அளவுக்குத் துடையுங்கள். நட்டை 195 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். ஒரு துளி எண்ணெய் மிச்சம் இருந்தால் முழுச் சுமையில் கியர் வழுக்கும். திடீரென்று இழுவை காணாமல் போய், ஓசை மந்தமாகி, வெள்ளைப் புகை வந்தால் டைமிங் வழுக்கிவிட்டது என்று அர்த்தம்.

கவர்னரும் டர்போவும்

கவர்னர் என்பது எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் பிடிக்கும் பம்பின் பகுதி. தொழிற்சாலை கவர்னர் 2500 சுற்றை ஒட்டியே டீசலைக் குறைக்க ஆரம்பிக்கும். 3000 சுற்று ஸ்பிரிங் கிட் போட்டால் கியர் மாற்றும்போது எஞ்சின் அடுத்த கியரில் நல்ல இடத்தில் இறங்கும், மேட்டில் அது பெரிய வித்தியாசம். 4000 சுற்று கிட்டும் இருக்கிறது. அதற்கு வால்வ் ஸ்பிரிங்கையும் கெட்டியானதாக மாற்ற வேண்டும், சுமை வண்டிக்குத் தேவையும் இல்லை. கவர்னரில் இரண்டு பக்கமும் இருக்கும் நட்களை ஒரே எண்ணிக்கையில் திருப்புங்கள்.

ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போ 35 பிஎஸ்ஐ வரை மனசார உழைக்கும். அதற்கு மேல் தள்ளினால் வேகம் எல்லை மீறி ஷாஃப்ட் ஒடியும்.

கூட்டிய பவர் எங்கே போய் இடிக்கும்?

300 குதிரைத்திறனைத் தொடுவது இந்த எஞ்சினுக்குக் கஷ்டமே இல்லை. அதன் பின்னால் இருப்பவற்றுக்குத்தான் கஷ்டம். மேனுவல் வண்டியில் முதலில் கிளட்ச் வழுக்கும்: ஐந்தாம் கியரில் மிதித்தால் சுற்று ஏறும், வேகம் ஏறாது. என்வி4500 கியர்பாக்ஸில் ஐந்தாம் கியரைப் பிடிக்கும் நட் தளர்வது தெரிந்த நோய். திடீரென்று ஐந்தாம் கியர் மட்டும் இல்லாமல் போனால் அதுதான். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர்பாக்ஸைப் பலப்படுத்தாமல் ஃபியூவல் பிளேட்டைத் தொடவே வேண்டாம், எஞ்சினில் செய்யும் வேலையை விட அந்தச் செலவு பெரிது.

சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டப்படி புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது சட்டவிரோதம். கேட்டலிடிக் கன்வெர்டர் இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நான் மேலே சொன்ன எந்த வேலைக்கும் அதைக் கழற்றத் தேவையில்லை. பம்பின் அமைப்பை மாற்றுவதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் புகை விதிகள் வேறுபடும், கலிஃபோர்னியா மிகக் கண்டிப்பு. உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாலையில்

ஒரே நாளில் ஒரே மாற்றம். ஒரே மேடு, ஒரே டிரெய்லர், ஒரே கியர். மூன்று மீட்டரின் எண்களையும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுதட்டும், ஓட்டுபவர் கண் சாலையில் இருக்கட்டும். மேடு ஏறி முடித்ததும் உடனே எஞ்சினை நிறுத்தாமல், வெப்ப மீட்டர் 350 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வரும்வரை ஐடிலில் விடுங்கள். டர்போவின் எண்ணெய் கருகாமல் இருக்கும்.

என் வண்டி போன கோடையில் அதே டிரெய்லரோடு ரேட்டன் ஏறியது. நான்காம் கியர், 2300 சுற்று, பூஸ்ட் 27, வெப்பம் 1150, டீசல் அழுத்தம் 28. மேலே கணவாயில் ஓரமாக நிறுத்தி, ஐடிலில் விட்டு, பானெட்டைத் திறந்து அந்தக் குட்டி ஹோஸைத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. ஊர் திரும்பியதும் கிளாம்ப்களை ஒருமுறை இறுக்கிவிட்டேன். புது ஹோஸ் சில நூறு மைல் ஓடியதும் கொஞ்சம் அமுங்கும், நீங்களும் அதைச் செய்துவிடுங்கள்.